ழெனே போகாத சிறை

அந்த நாவலை நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். அட்டை பாதி கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் பச்சை மையில் யாரோ ஒரு பெயரை எழுதி, அப்புறம் அதை அழுத்தி அழுத்தி அடித்திருந்தார்கள். ழான் ழெனே என்ற பெயரைச் சிறுபத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். திருடர், சிறைக்குப் போனவர், நாடகம் எழுதியவர். அதற்கு மேல் தெரியாது. நாவலின் தலைப்பைத் தமிழில் 'ரோஜாவின் அற்புதம்' என்று சொல்லலாம். பிரெஞ்சில் 1946ல் வெளிவந்தது. எனக்குக் கிடைத்தது பெர்னார்ட் ஃப்ரெக்ட்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

முதல் தடவை நாற்பது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன். ஆபாசம் என்பதால் அல்ல. நான் ஒரு சிறைக் கதையை எதிர்பார்த்துப் போயிருந்தேன்: யார் உள்ளே வந்தார்கள், எப்படித் தப்பினார்கள், வார்டன் எப்படிப்பட்டவன். இந்த மனிதரோ ஒரு கைதி மாடிப்படியில் இறங்கி வருவதை இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். கோயிலில் சாமி புறப்பாட்டைப் பார்ப்பவர் எழுதுவது போல இருந்தது.

இரண்டாம் தடவை, வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த ஒரு மழைக்காலத்தில், நான்கு நாளில் படித்து முடித்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பினேன். நம்பாமல் எப்படி? கதை சொல்பவரின் பெயர் ழான் ழெனே. கை கால்களில் விலங்கோடு ஃபோந்தெவ்ரோ மத்தியச் சிறைக்கு வந்து சேர்கிறார். மரக்கட்டைச் செருப்பு, பழுப்புநிறக் கம்பளித் துணி, தண்டனைக் கூடத்தில் நாள் முழுக்க வட்டமாகச் சுற்றி நடக்கும் கைதிகள், நடுவில் எல்லார் கண்ணும் படும்படி மேடைமேல் மலத்தொட்டி, அதில் ஏறி உட்காருபவன் அரியணையில் அமர்ந்த ராஜா போலத் தெரிவது. இதையெல்லாம் கண்ணால் பார்க்காதவர் எழுத முடியாது என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ழெனே ஃபோந்தெவ்ரோ சிறையில் கைதியாக இருந்ததே இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீதிமன்றப் பதிவுகளையும் சிறைப் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, அவருடைய இளமைக்காலத்தை மாதவாரியாகக் கட்டி எழுப்பியபோது வெளிவந்த உண்மை இது. கொஞ்சம் யோசித்திருந்தால் முன்பே சந்தேகம் வந்திருக்கும். பிரான்சில் மத்தியச் சிறை என்பது ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்கானது. 1937க்கும் 1943க்கும் நடுவில் ழெனே பத்துத் தடவைக்கு மேல் தண்டிக்கப்பட்டார். எல்லாம் சில்லறைத் திருட்டு: கைக்குட்டை, சட்டை, துணி, புத்தகம். தண்டனைகள் எல்லாம் மாதக்கணக்குதான். ஃபோந்தெவ்ரோவுக்குப் போகும் தகுதி அவருக்கு வாய்க்கவே இல்லை.

படித்ததும் எனக்கு வந்தது கோபம். ஏமாந்துவிட்டேன் என்ற கோபம். அது தணிய ரொம்ப நாள் ஆயிற்று. தணிந்த விதத்தில் ழெனேவை விட என் பெரியப்பாவுக்குத்தான் பங்கு அதிகம். அதை அப்புறம் சொல்கிறேன்.

ழெனே 1910 டிசம்பர் 19ல் பாரிஸில் பிறந்தார். அம்மா கமீய் ழெனே, கல்யாணம் ஆகாத இருபத்திரண்டு வயதுப் பெண். ஏழு மாதக் குழந்தையை அரசின் அநாதைக் குழந்தைகள் துறையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மகன் அவரை மறுபடி பார்க்கவில்லை. 1919ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். குழந்தை மொர்வான் பகுதியில் அலிஞி என்ற கிராமத்தில் ஒரு தச்சர் வீட்டில் வளர்ந்தது. பையன் நன்றாகப் படித்தான். ஆனால் அரசின் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு படிப்பு முடிந்துவிடும், பிறகு ஏதாவது தொழில் கற்கப் போக வேண்டும். பார்வையற்ற ஓர் இசையமைப்பாளர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கொடுத்த பணத்தைத் திருவிழாச் சந்தையில் செலவழித்துவிட்டான். அதற்கப்புறம் ஓடுவதும் பிடிபடுவதுமாக இருந்தான். 1926ல் டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறியதற்காகச் சிறை. அந்த வருடம் செப்டம்பர் 2ம் தேதி மெத்ரே சிறார் குடியேற்றத்துக்கு, அதாவது தவறு செய்த சிறுவர்களைத் திருத்துவதற்கென்று வைத்திருந்த இடத்துக்கு, அனுப்பப்பட்டான். பதினைந்து வயது.

நாவலின் உயிர் இந்த மெத்ரேயில்தான் இருக்கிறது. ஃபோந்தெவ்ரோ போல அல்ல, இங்கே அவர் நிஜமாகவே இரண்டரை வருடம் இருந்தார்.

தூர் நகரத்துக்குப் பக்கத்தில், 1840 ஜனவரியில் திறக்கப்பட்ட இடம் அது. நிறுவியவர் தெமெட்ஸ் என்ற நீதிபதி. பெரியவர்களின் சிறையில் சிறுவர்களைப் பூட்டிவைப்பதைப் பார்த்து மனம் நொந்து, வேறு வழி தேடியவர். மண்ணை மனிதனால் மேம்படுத்துவது, மனிதனை மண்ணால் மேம்படுத்துவது என்பது அவருடைய கொள்கை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! மெத்ரேவுக்கு மதில் கிடையாது. நடுவில் ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், இருபக்கமும் வரிசையாகப் பத்து வீடுகள். ஒவ்வொரு வீடும் ஒரு 'குடும்பம்'. அதற்கு ஒரு குடும்பத்தலைவர். சிறுவர்களிலேயே ஒருவன் 'மூத்த அண்ணன்'. படுக்கத் தொங்குதூளி. எழுந்திருக்க, சாப்பிட, படுக்க என்று எல்லாவற்றுக்கும் எக்காளம். கடற்படைக்குப் பயிற்சி கொடுப்பதற்காகச் சதுக்கத்தில் ஒரு கப்பலின் பாய்மரத்தையே நட்டுவைத்திருந்தார்கள். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், வயல்வெளிக்கு நடுவே, போகாத கப்பல் ஒன்று. ழெனே இதை விடுவாரா? அந்தப் பாய்மரத்தை வைத்துக்கொண்டு நாவலுக்குள் ஒரு முழுக் கடற்கொள்ளைக் கனவையே ஓட்டுகிறார்.

மதில் இல்லாததுதான் மெத்ரேயின் கொடுமை என்கிறார். சுற்றிலும் பூச்செடிகளும் புன்னகைக்கும் வயல்களும். மதிலாக இருந்தால் ஏறிக் குதிக்கலாம், குதிக்க முடியவில்லை என்றால் அதை வெறுக்கவாவது செய்யலாம். பூச்செடியை எப்படி வெறுப்பது? தப்பி ஓடும் பையனைச் சுற்றுவட்டார விவசாயிகளே பிடித்துக்கொடுத்துப் பரிசு வாங்கிக்கொள்வார்கள். ஊரே மதில்.

பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷெல் ஃபூக்கோ சிறையின் வரலாற்றை எழுதியபோது, நவீனச் சிறை அமைப்பு முழுமை அடைந்த நாளாக 1840 ஜனவரி 22ஐக் குறித்தார். மெத்ரே அதிகாரபூர்வமாகத் திறந்த நாள். வீடு, பள்ளி, படைமுகாம், மடம், தொழிற்கூடம், சிறை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்ட முதல் இடம் என்று அவர் காட்டுகிறார். ஃபூக்கோ வெளியே நின்று வரைபடமாகப் பார்த்ததை ழெனே உள்ளே படுத்துக்கொண்டு பார்த்தார். அவர் சொல்வதில் ஒரு விபரீதம் இருக்கிறது. அநாதைப் பையனுக்கு அரசாங்கம் 'குடும்பம்', 'அண்ணன்' என்று பொய்யாகப் பெயர் வைத்துக் கொடுத்தது. அவன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டான்.

ஃபோந்தெவ்ரோ எங்கே வருகிறது என்றால், மெத்ரே பையன்கள் பேசிக்கொள்ளும் கதைகளில். இரண்டும் ஒரே லுவார்ப் பள்ளத்தாக்கில், சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவை. மெத்ரேயில் இருந்தவர்களில் தேறினவர்கள் (அவர்கள் கணக்கில் தேறுவது வேறு) பெரியவர்களானதும் போகும் இடம் ஃபோந்தெவ்ரோ. நம்மூரில் பத்தாவது படிக்கும் பையன் காலேஜைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள். நாவலில் முப்பது வயது ழெனே அங்கே வந்து சேரும்போது, அது ஒரு கைதியின் வருகையாக இல்லை. தாமதமாக ஊர் திரும்பியவனின் வருகையாக இருக்கிறது.

அங்கே மூன்று பேர். மூவருமே மெத்ரேயில் வளர்ந்தவர்கள். புல்கேன் என்ற வாலிபக் கைதி, ழெனே காதலிப்பது அவனை. திவேர், பழைய உறவு, இப்போது சிறையில் அதிகாரம் உள்ளவன். பிறகு ஆர்க்கமோன். திரும்பத் திரும்பத் திருடியதற்காக ஆயுள் முழுக்க அடைபட வேண்டியவன். அப்படிச் சாகும்வரை இருப்பதை விட ஒரேயடியாகப் போவது மேல் என்று ஒரு காவலரின் கழுத்தை அறுத்துவிடுகிறான். தலை வெட்டப்படும் நாளுக்காகத் தனி அறையில் காத்திருக்கிறான். வெளிச்சம் மொத்தமும் அவன் அறையிலிருந்துதான் சிறைக்கு வருகிறது என்பது போல ழெனே எழுதுகிறார்.

இதில் ஆசை எது? உடல் ஆசை உண்டு, ஒளிவுமறைவே இல்லாமல் உண்டு. ஆணுக்கு ஆண்மேல் வரும் காதலை, அதற்கு மன்னிப்பு கேட்காமல், விளக்கம் சொல்லாமல் எழுதியிருக்கிறார். எப்போது? 1943ல், ஜெர்மானியர் பாரிஸில் இருந்தபோது, அவர்களுக்குப் பணிந்து நடந்த பிரான்சின் விஷி அரசு ஒருபாலுறவுக்கு எதிராக ஒரு தனிச் சட்டப்பிரிவைக் கொண்டுவந்த மறு வருடம். அந்தப் பிரிவு பிரான்சின் சட்டப் புத்தகத்திலிருந்து முழுதாக நீங்கியது 1982ல். ஆனால் நாவலைக் கூர்ந்து படித்தால், ழெனே புல்கேனைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதை விட, புல்கேனாக ஆவதற்கு ஆசைப்படுவதுதான் அதிகம். அவன் தோளை உயர்த்தும் விதம், கால்சட்டைப் பையில் கைவிடும் விதம், பேச்சில் எச்சில் தெறிக்கும் விதம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார். காதலிப்பவர் செய்கிற வேலைதான் இது, வேஷம் கட்டப்போகும் நடிகரும் இதையேதான் செய்வார். நடுவில் ஓரிடத்தில், கன்னக்கோலைக் கையில் எடுத்து முதன்முதலாகப் பூட்டை உடைத்தபோது தானே ஓர் ஆணாக ஆனதாக எழுதுகிறார். அதுவரை மற்றவர்களின் பலத்தைக் காதலித்தவருக்கு, ஓர் இரும்புக் கம்பியின் மூலமாக அந்தப் பலம் தன் கைக்கே வந்துவிட்டதாம். வந்த பிறகு காதல் கொஞ்சம் குறைந்துபோனதையும் மறைக்காமல் சொல்கிறார். இந்த நேர்மை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. இதைச் சொல்பவர் போகாத சிறையில் இருந்ததாகப் புளுகுபவர் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

என்னை விடாமல் துரத்திய காட்சி ஒன்று உண்டு. மெத்ரேயில் ஒருநாள் பெரிய பையன்கள் அவரை நிற்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, மாறிமாறி அதில் துப்புகிறார்கள். அவமானத்தில் இதைவிடக் கீழே போக முடியாது. அந்த இடத்தில் நின்றுகொண்டு அவர் ஒன்று செய்கிறார். இவர்கள் என்மேல் எறிவது கல் அல்ல, பூ என்று நினைக்கத் தொடங்குகிறார். நினைக்க நினைக்க எச்சில் ரோஜா ஆகிறது. முதலில் படித்தபோது எனக்குக் குமட்டியது. பிறகு கண்ணப்பர் ஞாபகம் வந்தார். வாய் நிறைய நீரை முகந்துவந்து சிவலிங்கத்தின்மேல் உமிழ்ந்து நீராட்டிய வேடர். பார்த்துப் பதறிய சிவகோசரியாருக்கு அது எச்சில், ஈசனுக்கு அபிஷேகம். நமக்குத் தெரிந்த கதையில் உமிழ்பவனின் அன்பு எச்சிலைத் தீர்த்தமாக்குகிறது. ழெனேவுக்கு அந்த வசதி இல்லை. துப்புபவர்களிடம் அன்பு துளியும் இல்லை. வாங்கிக்கொண்டு நிற்பவன் ஒருவனே அதை மாற்ற வேண்டும், அதுவும் வெறும் சொல்லை வைத்துக்கொண்டு. இவர் எழுத்தாளர் ஆனது அந்த முற்றத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். பாரிஸில் பேனா பிடித்ததெல்லாம் பிறகு நடந்தது.

தலைப்பிலுள்ள ரோஜாக்களும் அதே செடியில் பூத்தவைதான். விலங்கோடு ஆர்க்கமோனைச் சிறைக்குள் நடத்திப் போகிறார்கள். ழெனே பார்த்துக்கொண்டே இருக்க, மணிக்கட்டில் கிடக்கும் சங்கிலி வெள்ளை ரோஜா மாலையாக மாறுகிறது. கத்தரிக்கோலோடு போய் ஒரு ரோஜாவை வெட்டுகிறார். கடைசியில், தலை வெட்டப்படும் நாள் நெருங்கும்போது, நீதிபதி, வழக்கறிஞர், பாதிரியார், கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர் என்று நான்கு பேர் கறுப்பு உடையில் ஆர்க்கமோனின் உடலுக்குள்ளேயே நுழைகிறார்கள். இருட்டான வழிகளில் நடந்து இதயத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பது ஒரு பிரம்மாண்டமான ரோஜா. அந்தப் பக்கங்களை நான் இங்கே சுருக்க மாட்டேன். சுருக்கினால் கேலிக்கூத்து போல ஆகிவிடும். படிக்கும்போது அப்படி இல்லை.

சரி, ஏன் ஃபோந்தெவ்ரோ? தான் நிஜமாகவே இருந்த சாந்தே சிறையையோ ஃப்ரேன் சிறையையோ வைத்து இந்தக் கதையை எழுதியிருக்கலாமே?

ஃபோந்தெவ்ரோவைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு பதில் கிடைத்தது. இது என் ஊகம். சிறையாவதற்கு முன் அது ஒரு மடம். 1101ல் தொடங்கப்பட்டது. ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருந்த அந்த மடத்தை ஆண்டவர்கள் பெண்கள். தலைவி எப்போதும் ஒரு பெண்தான். இங்கிலாந்தை ஆண்ட அரசன் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலியனோர், மகன் 'சிங்க நெஞ்சன்' ரிச்சர்டு ஆகியோரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. வண்ணம் பூசிய கற்சிலைகளாகப் படுத்திருக்கிறார்கள். எலியனோரின் சிலை மட்டும் கையில் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைத் தூண்டிவிட்டுக் கலகம் செய்தாள் என்று அவளை அந்தக் கணவனே சுமார் 16 வருடம் சிறையில் வைத்திருந்தான். இப்போது அவனுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல், புத்தகம் படிக்கிறாள்! நெப்போலியன் 1804ல் அந்த மடத்தைச் சிறையாக்க உத்தரவிட்டான். 1963 வரை அது சிறைதான். அதற்குப் பிறகும் சில பத்துக் கைதிகளைப் பராமரிப்பு வேலைக்காக 1985 வரை அங்கே வைத்திருந்தார்கள்.

ஹென்றியும் ரிச்சர்டும் பிளாண்டாஜெனெட் வம்சம். அந்தப் பெயர் ஒரு செடியிலிருந்து வந்தது. மஞ்சளாகப் பூக்கும் ஒரு காட்டுப் புதர்ச்செடி. அதன் பிரெஞ்சுப் பெயர் 'ழெனே'. எழுத்தில் ஒரு சிறு குறி மட்டுமே வித்தியாசம், உச்சரிப்பு ஒன்றுதான். அம்மா விட்டுப்போன ஒரே சொத்து அந்தப் பெயர். அப்பா பெயர் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவருக்கு, தன் பெயர் கொண்ட செடியின் வம்சத்து ராஜாக்கள் படுத்திருக்கும் சிறை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்? மெத்ரேயின் 'அண்ணன்கள்' எல்லாம் போய்ச் சேர்ந்த இடமும் அதுவே. அங்கே போக வாய்க்கவில்லை என்பதற்காக அதை விட்டுக்கொடுத்துவிடுவாரா?

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். பர்மா போகாத வீடே இல்லை என்று சொல்லும் ஊர்களில் ஒன்று. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது ரங்கூனிலிருந்து நடந்தே வந்த கதையைப் பெரியப்பா கோடை விடுமுறையில் எங்களுக்குச் சொல்வார். அட்டைகள், சேறு, அரிசி மூட்டையை எங்கே போட்டார்கள், எந்த இடத்தில் செருப்பு அறுந்தது, இறந்தவர்களைத் தாண்டும்போது கண்ணை எப்படி மூடிக்கொள்ள வேண்டும். மலையேற்றத்தில் எதிரில் வந்த யானையைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கே மூச்சு வாங்கும். அவர் 2009ல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையை நான் எடுத்தபோது பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அவரு எங்கடா நடந்தாரு? நாலு வயசுல எங்க மாமியாரோட கப்பல்ல வந்துட்டாரு. நடந்து வந்தது மாமனாரும் பெரியவரும். மாமனாரு மட்டும்தான் வந்து சேந்தாரு."

பெரியவர் என்றால் பெரியப்பாவின் அண்ணன். பதினான்கு வயது. அவர் புகைப்படம்கூட வீட்டில் கிடையாது. வந்துசேர்ந்த தாத்தா அந்த நடையைப் பற்றி வாயே திறந்ததில்லை என்றும் பெரியம்மா சொன்னார். அப்படியானால் அட்டைகளும் செருப்பும் யானையும்? அக்கம்பக்கத்துப் பர்மாக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தவையாக இருக்கும். ஐம்பது வருடமாக ஒரு மனிதர் தன் அண்ணன் நடந்த வழியைத் தன் கால்களால் நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு முன்பே ழெனேவின் பொய் எனக்குத் தெரியும். அந்த ராத்திரிக்கு அப்புறம் அதைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்படிச் சொல்வதால் நாவலை முழுக்க ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆர்க்கமோன் காவலரைக் கொல்வதற்கு முன், சிறுவனாக இருந்தபோது, ஒரு சிறுமியைக் கொன்றவன். நாவலுக்கு அந்தச் சிறுமி முக்கியமே இல்லை. அவன் மகிமைக்கு ஏறும் படிக்கட்டில் முதல் படி, அவ்வளவுதான். சங்கிலி ரோஜாவாகும்போது அந்தக் குழந்தைக்கு ஒரு இதழ்கூடக் கிடைக்கவில்லை. இலக்கிய அழகியல், கவிதை நியாயம் என்று ஆயிரம் சொல்லலாம். எனக்கு ஒப்பவில்லை. தான் அவமானப்பட்டதை ரோஜாவாக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அடுத்தவர் பிணத்தை அப்படி ஆக்க உரிமை யார் கொடுத்தது?

இன்னொன்று. சிறார் சீர்திருத்தப் பள்ளிகளின் கொடுமை 1930களில் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் நாறியது. 1934ல் பெல் ஈல் தீவில் சிறுவர்கள் கலகம் செய்து தப்பியபோது, பிடித்துக்கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று அறிவித்து, உல்லாசப் பயணிகளும் சேர்ந்து அவர்களை வேட்டையாடினார்கள். அலெக்ஸி தனான் போன்ற பத்திரிகையாளர்கள் விடாமல் எழுதினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெத்ரேயும் மூடப்பட்டது. நல்லது நடந்தது என்றுதானே நாம் சொல்வோம்? ழெனே சொல்லவில்லை. நாவலிலேயே மெத்ரே அழிந்ததற்காகத் துக்கப்படுகிறார். பிறகு வானொலிக்காக ஓர் உரை எழுதினார். அதில் சீர்திருத்தவாதிகளைப் பார்த்து, அந்தக் கொடுமைகளை மென்மையாக்காதீர்கள், குற்றம் செய்யும் சிறுவனுக்கு அவன் தேடிப்போகும் கடுமையை மறுக்காதீர்கள் என்கிறார். வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. 1949ல் புத்தகமாக வந்தது. வானொலிக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. அடிபட்டு வளர்ந்தவர் அடியைக் காதலிக்கலாம், அது அவர் பாடு. அடுத்த பையனுக்கும் அதே அடியைச் சிபாரிசு செய்யலாமா?

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு சின்னப் புலம்பல். இந்த நாவலின் சில பக்கங்களைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். சிறை என்றதும் நம் பேச்சுமொழி கேலிக்குப் போய்விடுகிறது. கம்பி எண்ணுவது, களி தின்பது, மாமியார் வீட்டுக்குப் போவது. வெளியே நிற்பவன் உள்ளே போனவனைப் பார்த்துச் சிரிக்கும் சொற்கள். நம்மிடம் தியாகிகளின் சிறையும் உண்டு: செக்கு, கல்லுடைப்பு. அந்த மொழியில் கைதி தலைநிமிர்ந்து நிற்பார். ழெனேவுக்கு இரண்டும் உதவாது. அவர் சிறையைப் பார்த்து ஏங்குகிறார். பொறுக்கித் தெருவின் கொச்சையும் தேவாலயத்துப் பிரார்த்தனை மொழியும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்கின்றன. கொச்சையை மெட்ராஸ் பாஷையில் போட்டால் சினிமா வசனம் ஆகிறது. பிரார்த்தனையைத் திருவாசகம் மாதிரிப் போட்டால் கொச்சை ஓடிப்போகிறது. பதினோரு பக்கத்தோடு விட்டுவிட்டேன்.

இந்த எழுத்து உலகத்துக்குக் கிடைத்ததே நூலிழையில்தான். முதல் நாவலைச் சிறையில் பை ஒட்டக் கொடுத்த பழுப்புத் தாளில் எழுதினார். காவலர் பார்த்துவிட்டு எரித்தார், நினைவிலிருந்து மறுபடி எழுதினார் என்பார்கள். 1943ல் வெர்லேனின் கவிதை நூலின் விலையுயர்ந்த பதிப்பு ஒன்றைத் திருடி மாட்டிக்கொண்டபோது நிலைமை மோசம். 1885ல் போட்ட ஒரு சட்டப்படி, திரும்பத் திரும்பத் தண்டனை பெறும் திருடர்களை ஆயுளுக்கும் ஒதுக்கிவைத்துவிடலாம். நாவலில் ஆர்க்கமோனுக்கு நேர்வது அதுதான். மூன்று மாதத்துக்கு மேல் தண்டனை விழுந்தால் அந்தக் கணக்கில் சேரும். அப்போதே புகழ்பெற்றிருந்த கவிஞர் ழான் கொக்தோ நீதிமன்றத்துக்கு வந்து, இவர் இந்தக் காலத்தின் பெரிய எழுத்தாளர் என்று சாட்சி சொன்னார். அப்போது அந்தப் பெரிய எழுத்தாளரின் பெயரில் கடையில் வாங்கக்கூடிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. தண்டனை சரியாக மூன்று மாதம். 'ரோஜாவின் அற்புதம்' அந்தச் சிறைவாசத்தில் தொடங்கியதுதான். வெளியே வந்த சில வாரத்தில் மறுபடி புத்தகம் திருடி உள்ளே போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1944 மார்ச்சில் கடைசியாக வெளியே வந்தார். கொக்தோவும் தத்துவவாதி சார்த்தரும் குடியரசுத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதி, 1949ல் மன்னிப்பு கிடைத்தது. 1952ல் சார்த்தர் அவரைப் பற்றி மிகத் தடிமனான புத்தகம் ஒன்றை எழுதினார். தன்னைத் தானே எழுதிவந்தவரை இன்னொருவர் முழுசாக எழுதிவிட்டதில், ழெனேவால் பல வருடம் எதுவும் எழுத முடியாமல் போயிற்று. நாவல் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஃபோந்தெவ்ரோ இப்போது அருங்காட்சியகம். ஒரு பகுதியில் ஹோட்டல் நடக்கிறது. படங்களில் பார்த்தேன். வெள்ளைக் கல், அகலமான வெறும் கூடம், நடுவில் அந்த ராஜாக்கள். சிறைக்காலத்தில் அதே கூடத்தைத் தளம் தளமாகத் தடுத்துக் கைதிகளை அடைத்திருந்தார்கள். தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ழெனேவின் மரச்செருப்புச் சத்தத்தை அங்கே போய்த் தேடுபவர்கள் இருப்பார்கள். அவர் கைதியாக நடந்திராத தரையில்.

போன மாதம் நாவலை நான்காவது தடவையாக எடுத்தேன். புல்கேன் தப்பி ஓடப் பார்த்துச் சுடப்படுகிறான், ஆர்க்கமோன் தலை போகிறது. கதை சொல்பவர் மட்டும் மிஞ்சுகிறார், பெயர்களைச் சொல்லிக்கொண்டு. அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் கதை எப்போதும் ஓர் ஓடைக்கரையில் வந்து நிற்கும். தண்ணீர் இடுப்பளவு, அந்தப் பக்கம் யாரோ கொளுத்திய தீ தெரிகிறது, அப்பா முன்னால் போகிறார், நான் பின்னால் இறங்குகிறேன் என்பார். நாங்கள் விடாமல், "அப்புறம் பெரியப்பா?" என்போம்.

"அப்புறம் என்ன, ஊரு வந்துருச்சு" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.